பிறப்பைக் கடன் வாங்கிய நீச்சல் மன்னன்

டார்ஜானைத் தெரியாதவர் யார்?

இடுப்பிலே ஒரு தோல் துண்டு. கையிலே ஒரு கத்தி. கொடியைப் பிடித்து மரத்துக்கு மரம் தாவுவான். ஆற்றில் குதித்தால் முதலையோடு மல்லுக்கு நிற்பான். அவன் எழுப்பும் கூவலைக் கேட்டு யானைக் கூட்டம் ஓடி வரும். 1932ம் ஆண்டு முதல் 1948ம் ஆண்டு வரை வெளிவந்த 12 டார்ஜான் படங்களில் அந்த வேடத்தைத் தாங்கியவர் ஜானி வைஸ்முல்லர்.

அவர் நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர் அல்ல. தண்ணீரிலிருந்து வந்தவர்! ஒலிம்பிக் பந்தயங்களில் 5 தங்கப் பதக்கங்களை வென்றவர். 100 மீட்டர் தூரத்தை ஒரு நிமிஷத்துக்குள் நீந்திக் கடந்த உலகின் முதல் மனிதர்.

இவ்வளவும் உலகம் அறிந்தது. உலகம் அறியாத ரகசியம் ஒன்றும் அவர் வாழ்க்கையில் இருந்தது.

அமெரிக்காவுக்காக நீந்திய அவர், அமெரிக்காவில் பிறந்தவர் அல்ல. அவர் பிறந்ததாகச் சொல்லிக்கொண்ட தேதி அவருடையது அல்ல. பிறந்ததாகச் சொல்லிக்கொண்ட ஊரும் அவருடையது அல்ல. இரண்டும் அவருடைய தம்பிக்குச் சொந்தமானவை! ஏறக்குறைய 60 ஆண்டுக் காலம் அந்த ரகசியத்தை அவர் மனத்திலே சுமந்தார்.

கப்பலில் வந்த குழந்தை

1904ம் ஆண்டு ஜூன் 2ந்தேதி அவர் பிறந்தார். பிறந்த இடம் பிரைடார்ப் என்ற கிராமம். அப்பொழுது அது ஆஸ்திரிய-ஹங்கேரிய சாம்ராஜ்யத்தில், ஹங்கேரி நாட்டின் பகுதியாக இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு எல்லைகள் மாறின. அந்தக் கிராமம் ருமேனியாவுக்குப் போய்விட்டது. இன்று அது திமிஷோரா நகரத்தின் ஒரு பகுதி.

பெற்றோர் ஜெர்மன் மொழி பேசுகிறவர்கள். அவர்களுடைய முன்னோர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே அந்தப் பக்கத்தில் குடியேறியவர்கள். தந்தை பெயர் பீட்டர். தாய் எலிசபெத். குழந்தைக்கு யோஹான் என்று பெயரிட்டார்கள்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் ஏழைகளுக்கெல்லாம் ஒரே கனவு, அமெரிக்கா! அங்கே போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று லட்சக்கணக்கான மக்கள் கப்பல் ஏறினார்கள். பீட்டரும் எலிசபெத்தும் அப்படியே புறப்பட்டார்கள். 1905ம் ஆண்டு ஜனவரி மாதம், கடுங்குளிரில், 'ராட்டர்டாம்' என்ற கப்பல் அவர்களை நியூயார்க்கில் கொண்டுபோய் இறக்கியது. தாயின் கையில் இருந்த குழந்தைக்கு அப்பொழுது வயது 7 மாதம்.

பென்சில்வேனியா மாநிலத்தில் விண்ட்பர் என்ற ஊர். நிலக்கரிச் சுரங்கம் நிறைந்த ஊர். தந்தைக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 3ந்தேதி அங்கே இரண்டாவது மகன் பிறந்தான். அவனுக்குத் தந்தையின் பெயரையே வைத்தார்கள்.

அண்ணன் பிறந்தது ஐரோப்பாவில். தம்பி பிறந்தது அமெரிக்காவில். இருவருக்கும் இடையே ஒன்றே கால் வயதுதான் வித்தியாசம். ஒரே கூரையின் கீழ், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு ஒருவன் அந்த மண்ணின் மைந்தன். மற்றவன் வந்தேறி.

லிப்ட் பையன்

சில ஆண்டுகளில் குடும்பம் சிகாகோ நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கும் வறுமை விடவில்லை. தந்தையின் துணை கடைசிவரை நிலைக்கவில்லை. தாய் சமையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்றினாள்.

யோஹான் இப்பொழுது ஜானி ஆகிவிட்டான். மெலிந்த உடம்பு. ஒன்பது வயதில் அவனை இளம்பிள்ளை வாதம் தாக்கியது என்றும், உடம்பு தேற நீந்தச் சொல்லி டாக்டர் யோசனை கூறினார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். சிகாகோ நகரின் ஓரத்தில் கடல் போலப் பரந்து கிடக்கிறது மிச்சிகன் ஏரி. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஜானியும் தம்பி பீட்டரும் அதில் விழுந்து கிடந்தார்கள்.

படிப்பு பாதியில் நின்றது. ஓட்டல் ஒன்றில் எடுபிடிப் பையனாகவும், லிப்ட் இயக்குகிறவனாகவும் ஜானி வேலைக்குப் போனான். பெட்டியைத் தூக்குவது, கதவைத் திறப்பது, மேலே போவது, கீழே வருவது. அந்த வேலையிலேயே அவன் காலம் கழிந்திருக்கும். ஒரு குருநாதர் குறுக்கிட்டிராவிட்டால்!

கடிகாரம் பார்க்காத குரு

இல்லினாய் அத்லெடிக் கிளப் என்பது சிகாகோவில் பெயர் பெற்ற விளையாட்டுக் கழகம். அங்கே நீச்சல் பயிற்சி கொடுத்தவர் வில்லியம் பாக்ரக். மலை போன்ற உடம்பு. குளக்கரையில் நின்றுகொண்டு ஒருவன் கை வீசுவதைப் பார்த்தாலே அவனுடைய தரத்தை எடை போட்டுவிடுவார்.

1920ம் ஆண்டு, 16 வயது ஜானி அவர் முன்னால் வந்து நின்றான். அவன் நீந்திய விதம் பார்ப்பதற்கு நன்றாக இல்லை. ஆனால் வேகம் இருந்தது. பாக்ரக் அவனை ஏற்றுக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. தான் சொல்கிறவரை போட்டியில் இறங்கக் கூடாது!

மாதக் கணக்கில் பயிற்சி நடந்தது. வேகத்தைப் பற்றிய பேச்சே இல்லை. கை எங்கே விழவேண்டும், கால் எப்படி அடிக்கவேண்டும், மூச்சை எப்பொழுது இழுக்கவேண்டும் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்.

அந்தக் காலத்து நீச்சல் வீரர்கள் பெரும்பாலும் முகத்தைத் தண்ணீருக்குள் புதைத்துக்கொண்டு போவார்கள். ஜானியின் நீச்சல் வேறு மாதிரி அமைந்தது. தலையும் மார்பும் தண்ணீருக்கு மேலே உயர்ந்திருக்கும். வேகமாகப் போகும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்வதைப் போல அவர் பாய்வார். தண்ணீரின் தடை குறையும். மூச்சு எடுக்கவும் வசதி. எதிரி எங்கே வருகிறான் என்று இரண்டு பக்கமும் பார்க்கவும் முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடம்பில் இறுக்கமே இராது. ஒரு கை தண்ணீரைப் பிடித்து இழுக்கும்போது மறு கை இளைப்பாறும். உயிரைக் கொடுத்து நீந்துகிறவரைப்போல அவர் தோன்றமாட்டார். விளையாட்டாகப் போவதுபோல் தோன்றும். ஆனால் மற்றவர்கள் பின்னால் இருப்பார்கள்!

1921ம் ஆண்டு ஆகஸ்ட் 6ந்தேதி ஜானி முதல் பெரிய போட்டியில் இறங்கினார். வெற்றி பெற்றார். அன்று தொடங்கிய வெற்றி, அவர் பந்தயத்திலிருந்து விலகும்வரை தொடர்ந்தது.

ஒரு நிமிஷச் சுவர்

அந்த நாளில் நீச்சல் உலகின் மன்னர் டியூக் கஹானமோகு. ஹவாய்த் தீவின் புதல்வர். 1912ம் ஆண்டு ஸ்டாக்ஹோமிலும், 1920ம் ஆண்டு ஆண்ட்வெர்ப்பிலும் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் 100 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றவர். 1920ல் அவர் 100 மீட்டரை நீந்த எடுத்துக்கொண்ட நேரம் 1 நிமிஷம் 0.4 வினாடி.

ஒரு நிமிஷத்துக்கு அரை வினாடிக்கும் குறைவாகவே பாக்கி! ஆனால் அந்த அரை வினாடி பெரிய சுவராக நின்றது.

1922ம் ஆண்டு ஜூலை 9ந்தேதி. கலிபோர்னியாவில் அலமேடா என்ற ஊர். 18 வயது ஜானி தண்ணீரில் பாய்ந்தார். கரை தொட்டபோது கடிகாரம் காட்டிய நேரம் 58.6 வினாடி! சுவர் இடிந்து விழுந்தது.

அதோடு நிற்கவில்லை. 1924ம் ஆண்டு பிப்ரவரி 17ந்தேதி மயாமியில் தன் சாதனையைத் தானே முறியடித்தார். இந்தத் தடவை 57.4 வினாடி. அந்தச் சாதனையை உடைக்க உலகத்துக்கு 10 ஆண்டுகள் பிடித்தன.

அமெரிக்காவே கொண்டாடியது. அடுத்த ஒலிம்பிக் பந்தயம் பாரிசில். அங்கே போய்த் தங்கம் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் சங்கடம் வந்தது.

தம்பியின் சான்றிதழ்

வெளிநாடு போகப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் வாங்கப் பிறப்புக்குச் சான்று வேண்டும். அமெரிக்கக் குடிமகனாக இல்லாதவர் அமெரிக்காவுக்காக ஒலிம்பிக்கில் நீந்த முடியாது.

அது அமெரிக்கா தன் வாசற்கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம். 1924ம் ஆண்டு மே மாதம் புதிய குடியேற்றச் சட்டம் ஒன்று நிறைவேறியது. ஆசிய மக்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. தெற்கு ஐரோப்பா, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்குக் கடுமையான வரம்பு கட்டப்பட்டது. ருமேனியா போன்ற நாடுகளிலிருந்து ஆண்டுக்குச் சில நூறு பேரே வரலாம் என்று ஆயிற்று. அப்படிப்பட்ட காலத்தில், தன் பிறந்த ஊர் அந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு எந்த அதிகாரியின் முன்னால் போய் நிற்பது?

குடும்பம் ஒரு வழி கண்டது. தம்பி பீட்டர் அமெரிக்காவில் பிறந்தவன் அல்லவா? அவனுடைய பிறந்த தேதியும் ஊரும் அண்ணனுக்குக் கொடுக்கப்பட்டன. விண்ட்பர் ஊர் மாதா கோயிலில் பீட்டருக்கு ஞானஸ்நானம் செய்த பதிவு இருந்தது. பிற்காலத்தில் அந்தப் பதிவேட்டைப் பார்த்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். 'பீட்டர்' என்ற பெயரை அடுத்து, வேறு மையில் 'ஜான்' என்ற பெயர் சேர்க்கப்பட்டிருந்தது!

பாஸ்போர்ட் கிடைத்தது. ஜானி கப்பல் ஏறினார்.

தம்பி என்ன நினைத்தான்? அதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. தம்பி தன் சட்டையை அண்ணனுக்குக் கொடுப்பதுண்டு. தன் பிறப்பையே கொடுத்த தம்பி எத்தனை பேர்! அந்த நாள் முதல் உலகத்தின் ஏடுகளில் ஜானி 'விண்ட்பரில் பிறந்தவர்' ஆனார். எந்தத் தங்கப் பதக்கத்திலும் பீட்டரின் பெயர் இல்லை.

செய்தது தவறு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 7 மாதக் குழந்தையாக வந்து, வேறு எந்த நாட்டையும் அறியாமல் வளர்ந்த இளைஞன் எந்தக் கொடியின் கீழ் நீந்தியிருக்க வேண்டும்? அந்தக் கேள்விக்கு அந்தச் சட்டத்திலே பதில் இல்லை.

பாரிசில் மூன்று தங்கம்

1924ம் ஆண்டு ஜூலை மாதம். பாரிஸ் நகரின் டூரெல் நீச்சல் குளம். முன்பெல்லாம் ஒலிம்பிக் நீச்சல் போட்டியைக் கடலிலும் ஆற்றிலும்கூட நடத்தியதுண்டு. இங்கே 50 மீட்டர் நீளமுள்ள குளம். ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனியாகக் கயிறு கட்டிப் பாதை பிரித்திருந்தார்கள்.

முதலில் 400 மீட்டர். சுவீடன் நாட்டு அர்னே போர்க், ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ சார்ல்டன் என்ற இரண்டு புலிகள் எதிரே நின்றார்கள். போட்டி கடுமையாக இருந்தது. ஜானி 5 நிமிஷம் 4.2 வினாடியில் முடித்தார். போர்க் 1.4 வினாடி பின்தங்கினார். அவருக்குச் சரியாக ஒரு வினாடி பின்னால் சார்ல்டன்.

அடுத்து எல்லோரும் எதிர்பார்த்த 100 மீட்டர். பழைய மன்னர் டியூக் கஹானமோகு, வயது 33, களத்தில் நின்றார். அவருடைய தம்பி சாமும் நின்றார். இரண்டு சகோதரர்கள் ஒருபக்கம். தன் தம்பியின் பிறப்பைச் சுமந்து நின்ற ஜானி மறுபக்கம்!

ஹவாய்ச் சகோதரர்கள் சேர்ந்து தன்னை மடக்கத் திட்டம் போட்டிருப்பார்களோ என்று ஜானிக்குப் பயம் இருந்ததாகவும், டியூக் அவரைத் தட்டிக்கொடுத்து, மூன்று கொடிக் கம்பங்களிலும் நம் நாட்டுக் கொடியே ஏறவேண்டும் என்று கூறியதாகவும் ஒரு கதை உண்டு. அப்படியே நடந்தது. ஜானி 59 வினாடியில் முதலில் வந்தார். டியூக் இரண்டாவது. சாம் மூன்றாவது. 12 ஆண்டுகள் ஆண்ட மன்னர் முகம் சுளிக்காமல் முடியை இறக்கி வைத்தார். பிற்காலத்தில் இருவரும் நல்ல நண்பர்களாக இருந்தார்கள்.

நான்கு பேர் சேர்ந்து நீந்தும் 800 மீட்டர் தொடர் நீச்சலில் மூன்றாவது தங்கம். வாட்டர் போலோ என்னும் நீர்ப்பந்து விளையாட்டில் வெண்கலம். போட்டிகளின் இடைவேளையில் ஜானியும் அவருடைய தோழர் ஸ்டப்பி குரூகரும் கோமாளித்தனமாகத் தண்ணீரில் குதித்து வேடிக்கை காட்டினார்கள். பாரிஸ் மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

பேனாவால் எழுதிய சான்றிதழில் பொய் இருந்தது. ஆனால் தண்ணீரில் பொய் சொல்ல முடியாது. கடிகாரம் யாருடைய பிறந்த ஊரையும் கேட்பதில்லை.

பதக்கம் இல்லாத வெற்றி

1927ம் ஆண்டு ஜூலை 28ந்தேதி. ஜானியும் பீட்டரும் மிச்சிகன் ஏரியில் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். திடீரென்று வானம் இருண்டது. சூறைக்காற்று வீசியது.

கரைக்குச் சற்றுத் தூரத்தில் 'பேவரிட்' என்ற உல்லாசப் படகு போய்க்கொண்டிருந்தது. எழுபது பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். பெரும்பாலும் தாய்மார்களும் குழந்தைகளும். காற்றிலும் மழையிலும் படகு நிலைகுலைந்தது. எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்க, படகு கவிழ்ந்தது.

சகோதரர்கள் இருவரும் படகை நோக்கி விரைந்தார்கள். மூழ்கிக்கொண்டிருந்த படகைச் சுற்றித் திரும்பத் திரும்ப முக்குளித்தார்கள். கையில் சிக்கியவர்களை மேலே இழுத்துக்கொண்டு வந்தார்கள். சிலருக்கு உயிர் இருந்தது. சிலருக்கு இல்லை. அன்று 27 பேர் மாண்டார்கள். சகோதரர்கள் மேலே கொண்டுவந்தவர்களில் 11 பேர் உயிர் பிழைத்தார்கள்.

அந்த வேலைக்குப் பந்தயக் கடிகாரம் இல்லை. பதக்கமும் கொடிக்கம்பமும் இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே வரிசையில் நின்று சம்பாதித்த வெற்றி அதுதான். அதில் யாரும் யாரிடமும் எதையும் கடன் வாங்கவில்லை.

ஆம்ஸ்டர்டாம்

1927ல் ஜானி 100 கஜத்தை 51 வினாடியில் நீந்தினார். அந்தச் சாதனையும் 10 ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது.

1928ம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயம் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. 100 மீட்டர் இறுதிப் போட்டி. சுவரைத் தொட்டுத் திரும்பும்போது ஜானி ஒரு வாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டார். மூச்சு திணறியது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு முடிந்திருக்கும். சமாளித்துக்கொண்டு பாய்ந்தார். 58.6 வினாடியில் முதலிடம்!

இரண்டாவதாக வந்தவர் இஸ்த்வான் பாரானி. எந்த நாட்டுக்காரர் தெரியுமா? ஹங்கேரி! ஜானி பிறந்தபோது அவருடைய கிராமம் எந்த நாட்டில் இருந்ததோ, அதே நாடு. அந்தக் குடும்பம் கப்பல் ஏறாமல் இருந்திருந்தால் ஜானி எந்தக் கொடியின் கீழ் நின்றிருப்பாரோ! கூட்டத்தில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது தெரியாது. ஜானிக்குத் தெரியும்.

தொடர் நீச்சலிலும் தங்கம் கிடைத்தது. ஆக மொத்தம் 5 தங்கம். அமெரிக்க தேசிய சாம்பியன் பட்டம் 52. அடுத்த ஆண்டு தொடக்கத்தில், 24 வயதில், தோல்வி அறியாத வீரர் என்ற பெயரோடு அவர் பந்தயங்களிலிருந்து விலகினார்.

சினிமாக் காட்டின் மன்னன்

விலகியதற்குக் காரணம் பணம். ஒலிம்பிக் வீரர் விளையாட்டின் மூலம் ஒரு காசுகூடச் சம்பாதிக்கக் கூடாது என்பது அக்கால விதி. ஐந்து தங்கப் பதக்கம் வைத்திருந்தவரின் பையில் காசு இல்லை! நீச்சல் உடை செய்யும் கம்பெனி ஒன்று வாரம் 500 டாலர் சம்பளத்தில் அவரை விளம்பரத்துக்கு அமர்த்திக்கொண்டது.

பிறகு ஹாலிவுட் கூப்பிட்டது. எட்கார் ரைஸ் பரோஸ் எழுதிய டார்ஜான் கதையைப் பேசும் படமாக எடுக்க மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனி ஆள் தேடியது. நடிக்கத் தெரியவேண்டும் என்பதில்லை. வேஷ்டி சட்டை இல்லாமல் காமிரா முன்னால் கூச்சமின்றி நிற்கவேண்டும். வெகு காலமாக அதைத்தானே ஜானி செய்துகொண்டிருந்தார்! வசனமும் அதிகம் இல்லை. 1932ம் ஆண்டு படம் வெளிவந்தது. ஜேன் என்ற பெண்ணாக மௌரீன் ஓசல்லிவன் நடித்தார். படம் வெற்றி முரசு கொட்டியது.

பரோஸ் எழுதிய கதையில் டார்ஜான் ஓர் ஆங்கிலப் பிரபுவின் மகன். குழந்தையிலேயே பெற்றோரை இழந்து, குரங்குகளிடம் வளர்கிறான். ஆனால் அந்த முதல் படத்தில் அவனுடைய பிறப்பைப் பற்றிச் சொல்லவே இல்லை. எங்கிருந்து வந்தான், யார் பெற்ற பிள்ளை, ஒன்றும் கிடையாது. அவன் டார்ஜான், அவ்வளவுதான்! ஜானிக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் வாய்த்திருக்க முடியாது.

அவருடைய படங்கள் உலகமெல்லாம் ஓடின. பல நாட்டுப் படமுதலாளிகள் தங்கள் தங்கள் மொழியில் டார்ஜானைப் போல ஒருவனைக் காட்டில் விட்டார்கள். தமிழிலும் 1938ல் 'வனராஜா கார்ஸன்' என்ற படம் வந்தது.

டார்ஜான் வேடத்தை விட்ட பிறகு, சட்டை போட்ட காட்டு வீரனாக 'ஜங்கிள் ஜிம்' படங்களில் ஜானி நடித்தார். 1950ம் ஆண்டு அமெரிக்கப் பத்திரிகையாளர்கள், இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் தலைசிறந்த நீச்சல் வீரர் அவரே என்று தேர்ந்தெடுத்தார்கள்.

கூவலே பாஸ்போர்ட்

கியூபாவில் உள்நாட்டுச் சண்டை நடந்த காலம். 1958ம் ஆண்டு என்பார்கள். கோல்ப் விளையாட ஜானி அங்கே போயிருந்தார். காரில் போய்க்கொண்டிருந்தபோது துப்பாக்கி ஏந்திய புரட்சிப் படையினர் வழிமறித்தார்கள். அவர்கள் பேசுவது இவருக்குப் புரியவில்லை. இவர் சொல்வது அவர்களுக்குப் புரியவில்லை.

ஜானி எழுந்து நின்று, மார்பில் தட்டிக்கொண்டு, டார்ஜான் கூவலை எழுப்பினாராம். வீரர்கள் ஒரு கணம் திகைத்தார்கள். மறுகணம் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு, குழந்தைகளைப்போலக் குதித்து, அவருடன் கைகுலுக்கிப் பத்திரமாக அனுப்பி வைத்தார்களாம். ஹாலிவுட்டில் பல தடவை சொல்லப்பட்ட கதை இது. தன் பிறப்பைக் காகிதத்தில் காட்ட முடியாமல் தவித்த மனிதருக்கு, தொண்டையே பாஸ்போர்ட்டாக உதவியது!

கடைசிக் கரை

தண்ணீரில் தோல்வி அறியாத மனிதருக்குத் தரையில் பல தோல்விகள். ஐந்து திருமணங்கள் செய்துகொண்டார். நான்கு முறிந்தன. வந்த பணத்தைக் காக்கத் தெரியவில்லை. உலக நீச்சல் வீரர்களைக் கௌரவிக்கும் மண்டபம் புளோரிடாவில் எழும்பியபோது, அதை உருவாக்கியவர்களில் முன்னின்றார். 1965ம் ஆண்டு அந்த மண்டபத்தில் அவருக்கும் இடம் கிடைத்தது. ஆனால் அதே மனிதர் பிற்காலத்தில், லாஸ் வேகாஸ் நகரச் சூதாட்ட விடுதி ஒன்றின் வாசலில் நின்று, வருகிறவர்களை வரவேற்கும் வேலை பார்த்தார்.

தன் பிறப்பைக் கொடுத்த தம்பி பீட்டர் 1966ம் ஆண்டு காலமானார். அண்ணன் அப்பொழுதும் உண்மையை ஊரறியச் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? பதக்கங்களைத் திருப்பிக் கேட்பார்களோ? குடியுரிமை போய்விடுமோ? தோல்வியையே அறியாத அந்த வீரரின் வாயை அந்தப் பயம் கட்டிப்போட்டிருக்க வேண்டும்.

1970களின் பிற்பகுதியில் பக்கவாதம் அவரைத் தாக்கியது. கை வீசித் தண்ணீரைக் கிழித்த உடம்பு படுக்கையில் விழுந்தது. கடைசிக் காலத்தை மெக்சிகோ நாட்டில், கடலோரத்து அகபுல்கோ நகரில் கழித்தார். கடைசி டார்ஜான் படத்தின் காட்சிகளை எடுத்த ஊர் அது. 1984ம் ஆண்டு ஜனவரி 20ந்தேதி அங்கேயே உயிர் நீத்தார். வயது 79.

மறுநாள் பத்திரிகைகள் அவர் பென்சில்வேனியாவில் பிறந்தவர் என்றே எழுதின. பிறகுதான் பழைய கப்பல் பதிவுகளையும் மாதா கோயில் ஏடுகளையும் புரட்டியவர்கள் உண்மையைக் கண்டார்கள். உலகம் அதைக் கேட்டு வியந்தது. ஆனால் பதக்கங்களை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

அகபுல்கோவில் அவரை அடக்கம் செய்தபோது, பெட்டியைக் குழிக்குள் இறக்கும் நேரத்தில் ஒலிப்பதிவு செய்த டார்ஜான் கூவலை ஒலிக்க விட்டார்கள். சுற்றி நின்ற மெக்சிகோ மக்களுக்கு அவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர்கள் விரும்பவில்லை. அந்தக் குரலை மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.